கொடுக்கப்பட்டவர்கள்: கோயில் பட்டியல்களும் சேரியும்



மலையின் மேலிருந்தும் அடிவாரத்தில் போளூர், செங்கம் பக்கமிருந்தும் ஜமுனாமரத்தூருக்கு வந்து சேர்ந்திருக்கும் தோழர்களுக்கு நன்றி. நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரின் பெருமைகளைச் சொல்வது ஒரு வழி. அவர்கள் விட்டுச்சென்ற கேள்விகளை எடுத்துப் பேசுவது இன்னொரு வழி. நம் மன்றத்துக்கு இரண்டாவது வழிதான் பழக்கம். ஆகவே நேராகக் கேள்விக்கே வருகிறேன். கோயிலின் வேலைகளை யார் செய்தார்கள்? அந்த வேலைக்கு அவர்களுக்கு என்ன பங்கு கிடைத்தது? அவர்களுடைய பெயர் எங்கே எழுதப்பட்டது, எங்கே எழுதப்படாமல் போனது?

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நம் வட்டாரத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்கள் தமிழக வரலாற்றுக்குக் கிடைத்த பெரும் செல்வம். அவற்றில் ஒன்று எடத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். எருமை மந்தையைக் காக்கப் போய் மாண்ட ஒரு வீரனுக்காக நட்ட கல் அது. அவனோடு நின்று கள்ளரைக் கடித்த நாய்க்கும் அதில் உருவம் உண்டு. நாயின் பெயரும் உண்டு: கோவிவன். 1400 ஆண்டுகள் கழித்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. நன்றியுள்ள அந்த மேய்ச்சல் சமூகம் அதைக் கல்லில் வெட்டி வைத்தது. அதை வாழ்த்துவோம். இந்தக் கல்லை மனதில் வைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போவோம்.

பெயர் உள்ள பட்டியல்

தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிக்கப்பட்டது. அதன் கல்வெட்டுகளில் மிகவும் புகழ்பெற்றது, ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். தளி என்றால் கோயில். கோயிலைச் சேர்ந்த பெண்கள் குடியிருந்த சேரி தளிச்சேரி. அங்கே சேரி என்ற சொல்லுக்கு இழிவு இல்லை. சேர்ந்து வாழும் இடம் என்பதே பொருள்.

அந்தப் பட்டியல் ஒரு குடிமதிப்புக் கணக்கைப் போல நுணுக்கமானது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அந்த வீட்டில் யார், அவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று வரிசையாகச் சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். தொடர்ந்து நட்டுவம் செய்வோர், இசைப்போர், கணக்கெழுதுவோர், துணி வெளுப்போர், நாவிதர், தையற்காரர், தச்சர், குயவர் என்று மற்றப் பணியாளர்களுக்கும் பங்குகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை வைத்துச் செய்விக்க வேண்டும்.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, இந்தப் பெண்களின் பெயர்களுக்கு முன்னே 'நக்கன்' என்ற சொல் வருகிறது. நக்கன் என்பது சிவனின் பெயர். தந்தை பெயர் நிற்க வேண்டிய இடத்தில் கடவுளின் பெயர் நிற்கிறது. பிறந்த வீட்டிலிருந்து எடுத்துக் கடவுளுக்குக் கொடுக்கப்பட்டவர்கள் என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. இரண்டாவது, வேலை பரம்பரையாகிறது. பங்கு என்பது உரிமை; அதே நேரத்தில் அடுத்த தலைமுறையையும் சேர்த்துக் கட்டும் கயிறு.

இவர்கள் அடிமைகளா, உரிமையுள்ள பணியாளர்களா என்பது ஆய்வாளர்களிடையே பழைய வழக்கு. சோழர் காலக் கோயில் பெண்கள் பலர் சொந்தச் சொத்திலிருந்து கோயில்களுக்குக் கொடையளித்ததை லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர் விரிவாகக் காட்டியிருக்கிறார். அதே சோழர் காலத்தில் ஆட்கள் கோயிலுக்கு விற்கப்பட்ட கல்வெட்டுகளும் இருக்கின்றன. 1201இல் பஞ்சத்தில் சாகக் கிடந்த ஒரு வெள்ளாளர் தம் இரண்டு மகள்களோடு திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்குத் தம்மை விற்றுக்கொண்டார். இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் அடிமையானார், ஆனால் தீண்டத்தகாதவர் ஆகவில்லை. அடிமைத்தனமும் தீண்டாமையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தாலும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் கோயில் வரலாற்றைப் படிக்க முடியாது.

பெயர் இல்லாத பட்டியல்

அதே பெரிய கோயிலில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. 400 பெண்களின் பட்டியலைப் பற்றி நூல்கள் வந்தன, விழாக்களில் பேசினார்கள். இந்தப் பட்டியலைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. கோயிலுக்கு வருவாய் தரும்படி அரசன் விட்ட ஊர்களின் கணக்கு அது. ஒவ்வோர் ஊருக்கும் மொத்த நிலம் எவ்வளவு, அதில் வரி கட்ட வேண்டாத நிலம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று கணக்கு போகிறது. வரி கட்ட வேண்டாத நிலம் எது? ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாளர் சேரி, வண்ணார் சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் சுடுகாடும் இரண்டு: வெள்ளாளருக்கு ஒன்று, பறையருக்கு ஒன்று. சில இடங்களில் ஒரு சொல் ஒளிவுமறைவின்றி வருகிறது: தீண்டாச்சேரி.

தீண்டாமை இடைக்காலத்துக்குப் பிறகு எங்கிருந்தோ வந்தது, வெள்ளைக்காரன் கணக்கெடுப்பில் கொண்டுவந்தது என்று இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். அவர்களைத் தஞ்சாவூருக்கு அனுப்புங்கள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்தின் மிகப்பெரிய கோயிலில், அரசாங்க நிலக்கணக்கில் அந்தச் சொல் இருக்கிறது. அளந்து, வரையறுத்து, எல்லை கட்டி வைத்த இடமாக இருக்கிறது.

இங்கே நியாயமாகவும் பேச வேண்டும். நத்தமும் கோயிலும் குளமும்கூட வரியில்லாதவைதான். வரிவிலக்கே இழிவு என்று சொல்ல முடியாது. இழிவு வேறு இடத்தில் இருக்கிறது. வரிவிலக்கு பெற்ற நிலம் ஒன்றுதான் என்றால் ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். குடியிருப்பு தனி, சேரி தனி, சுடுகாடும் தனி என்று பிரித்து எழுத வேண்டியிருந்தது. சில ஊர்களில் 'உழப்பறையர்' இருந்த சேரி என்றே குறிப்பு வருகிறது. உழவு செய்த பறையர்கள். தளிச்சேரிப் பெண் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் அளக்கப்பட்டது என்றால், அந்த நெல்லை விளைவித்த கைகளில் இவர்களுடைய கைகளும் உண்டு. ஆனால் இவர்களுக்கு வீட்டு எண் இல்லை, பங்கு இல்லை, பெயர் இல்லை. பறையர் என்ற அடையாளத்தோடு தனிமனிதர்கள் வேறு சில கல்வெட்டுகளில் வருவதுண்டு. பெரிய கோயிலின் நிலக்கணக்கில் அவர்கள் ஓர் இடத்தின் பெயராக மட்டும் நிற்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்து நாய்க்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எருசலேமின் 392 பேர்

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததா? கோயில் என்ற நிறுவனம் எங்கெல்லாம் பெரிதாக வளர்ந்ததோ அங்கெல்லாம் விறகு வெட்ட, தண்ணீர் சுமக்க, கழுவ, காவல் நிற்க ஆள் தேவைப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் பொருத்தமான ஒரு கூட்டம் பழைய யூத வரலாற்றில் இருக்கிறது. விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவர்களை நிதனீமியர் என்று எழுதியிருப்பார்கள். எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்குக் 'கொடுக்கப்பட்டவர்கள்' என்று பொருள்.

கிமு 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேம் கோயிலை இடித்து மக்களைச் சிறைப்பிடித்துப் போனான். பின்னர் பாரசீகப் பேரரசன் கோரேசின் காலத்தில் அவர்கள் திரும்பினார்கள். கோயிலைத் திரும்பக் கட்டினார்கள். திரும்பியவர்களின் பட்டியல் எஸ்றா, நெகேமியா என்ற இரண்டு நூல்களிலும் உள்ளது. அதில் குருமார் 4,289 பேர். குருமாருக்கு அடுத்த நிலையிலிருந்த லேவியர் 74 பேர் மட்டுமே. நிதனீமியரும் சாலமோனின் ஊழியர் வழி வந்தவர்களும் சேர்ந்து 392 பேர். பிறகு எஸ்றா இன்னொரு கூட்டத்தை அழைத்துவந்தபோது லேவியர் 38 பேர் கிடைத்தார்கள். நிதனீமியர் 220 பேர் வந்தார்கள். இந்த எண்கள் ஒன்றைச் சொல்கின்றன: மேல்நிலையினர் வரத் தயங்கிய கோயிலுக்குக் கீழ்நிலை ஊழியர்கள் திரளாக வந்தார்கள்.

அவர்களுடைய குடும்பப் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் பல யூதப் பெயர்களாகத் தோன்றவில்லை. போரில் பிடித்த அயலார் வழி வந்தவர்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாரூக் லெவின் என்ற ஆய்வாளர் 1963இல், இவர்கள் அடிமைகள் அல்லர், கோயிலைச் சார்ந்த தொழிற்குழுவினர் என்று வாதிட்டார். தளிச்சேரிப் பெண்களைப் பற்றி நம்மிடம் நடக்கும் அதே வழக்கு! எருசலேமில் ஓபேல் என்ற மேட்டில், தண்ணீர் வாசலுக்கு எதிரே அவர்களுக்குத் தனிக் குடியிருப்பு இருந்தது. குருமார், லேவியர், பாடகர், வாயில்காவலர் ஆகியோரோடு இவர்களுக்கும் பாரசீக அரசு வரிவிலக்கு அளித்தது. நெகேமியா காலத்து உடன்படிக்கையில் மற்ற மக்களோடு இவர்களும் சேர்ந்தார்கள். பெயரும் உண்டு, இடமும் உண்டு, சலுகையும் உண்டு.

பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். கிபி 70இல் ரோமானியர்கள் அந்தக் கோயிலை அழித்தார்கள். விறகும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். சுமப்பதற்குக் கோயிலே இல்லை. கிபி 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பைத் திறந்தால், பாபிலோனிலிருந்து வந்த மக்களை 10 பிறப்பு வகைகளாகப் பிரித்து, யார் யாரை மணக்கலாம் என்று விதித்திருக்கிறது. நிதனீமியர் அதில் கடைசிப் படிகளில் நிற்கிறார்கள். இசுரயேலரோடு அவர்களுக்கு மண உறவு இல்லை. அவர்கள் கிபியோனியரின் வழிவந்தவர்கள் என்று காரணமும் சொல்லப்பட்டது. யோசுவாவின் காலத்தில் தந்திரமாக உயிர் தப்பி, அதற்குத் தண்டனையாக விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் விதிக்கப்பட்டவர்கள் என்பது கிபியோனியரைப் பற்றிய பழங்கதை.

கோயில் போய்விட்டது. வேலை போய்விட்டது. வேலையால் வந்த பிறப்பு அடையாளம் மட்டும் போகவில்லை. அம்பேத்கர் 1916இல் எழுதிய சாதிகள் பற்றிய ஆய்வில் அகமணமே சாதியின் உயிர்நாடி என்றார். அதை அரபிக்கடலுக்கு அப்பாலிருந்து வந்து மெய்ப்பிக்கும் சான்று இது. வேலைப் பிரிவினை மணத்தடையாக இறுகும் இடத்தில் மனிதரைத் தரம் பிரிக்கும் படிக்கட்டு நிலைபெறுகிறது.

அதே மிஷ்னாவில் இன்னொரு விதியும் இருக்கிறது. பிறப்பு வரிசைப்படி யாருக்கு முன்னுரிமை என்று அடுக்கிக்கொண்டே வந்து, முடிவில், முறைகேடான பிறப்புடையவர் என்று ஒதுக்கப்பட்டவர் கற்றறிந்தவராக இருந்தால் கல்லாத தலைமைக் குருவைவிட அவரே முந்தியவர் என்கிறது. படிக்கட்டைக் கட்டியவர்களே அதில் ஒரு வாசல் வைத்தார்கள். நம் தரும சாத்திரங்களில் அப்படி ஒரு வாசல் நமக்கு வைக்கப்பட்டதா என்று யோசித்துப் பாருங்கள். நம்மவர் கற்பதே அங்கே குற்றமாக இருந்தது.

தோலும் நரம்பும் கொடுத்தவர்

நம்முடைய நிதனீமியர் யார் என்று கேட்டால், தளிச்சேரிப் பெண்களைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் நந்தனைக் காட்டுகிறேன். 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த திருநாளைப்போவாரின் தொழிலைத் தெளிவாகச் சொல்கிறார். கோயில் முரசுகளுக்குப் போர்க்கத் தோலும் விசிக்க வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தவர் அவர். பிழைப்புக்கு ஊர் விட்ட நிலம் ஒன்றும் அவருக்கு இருந்தது. அதற்குப் பறைத்துடவை என்று பெயர். வேலை உண்டு, மானியம் உண்டு, பரம்பரைக் கடமை உண்டு. இலக்கணப்படி அவர் கோயில் பணியாளர்.

ஆனால் அவர் கொடுத்த தோல் கருவறைக்கு அருகில் ஒலித்தது. அவர் வாசலுக்கு வெளியே நின்றார். பசுவின் உடலிலிருந்து எடுத்த கோரோசனை சாமியின் மேனிக்குப் போனது. எடுத்துக் கொடுத்தவர் தில்லைக்குள் போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. பொருள் தூய்மையாகிவிடும், மனிதன் ஆகமாட்டான். உழைப்பை உள்ளே எடுத்துக்கொண்டு உழைத்தவரை வெளியே நிறுத்தும் இந்த ஏற்பாடுதான் தீண்டாமையின் பொருளாதாரம். நிதனீமியரின் வேலை அவர்களைக் கோயில் வளாகத்துக்கு அருகில் குடியேற்றியது. நம்மவரின் வேலை நம்மைச் சேரியிலேயே இருத்தி, பொருளை மட்டும் வாங்கிக்கொண்டது.

இதற்கு விதிவிலக்காகச் சில மரியாதைகளைச் சொல்வார்கள். திருவாரூர்த் திருவிழாவில் பறையர் தலைவர் ஒருவர் சாமியோடு யானைமேல் ஏறிச் சாமரம் வீசும் உரிமை பெற்றிருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தம் தொகுப்பில் குறித்திருக்கிறார். சென்னைக் கறுப்பர் நகரத்து அம்மனுக்கு ஆண்டுத் திருவிழாவில் தாலி கட்டும் உரிமை பறையர் ஒருவருக்கு இருந்ததையும் அந்தத் தொகுப்பு சொல்கிறது. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழில், இந்த மக்கள் சாதிக்கு முந்தைய பௌத்தத் தமிழர் என்ற வரலாற்றை எழுதினார். இழந்த உரிமையின் எச்சங்களாகவே இத்தகைய மரியாதைகளைப் படிக்க அது வழி காட்டியது. அதோடு நான் ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் யானை கிடைத்தது. மற்ற நாட்களில் ஒரு சேரிக்கே தெரு கிடைக்கவில்லை. மரியாதையை உரிமை என்று எண்ணிவிடக் கூடாது. மரியாதையைக் கொடுப்பவர் நிறுத்திவிடலாம். உரிமையை அப்படி நிறுத்த முடியாது.

இன்றைய கணக்கு

கோயில் பணியிலிருந்து விடுதலை பெறுவது எப்படி என்பதற்கு இருபதாம் நூற்றாண்டில் ஒரு முன்மாதிரி கிடைத்தது. முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1929இல் வந்த சட்டத் திருத்தம், தேவதாசி மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது. வேலையைச் செய்ய வேண்டாம்; நிலம் உனக்கே. 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கமே தடை செய்யப்பட்டது. இதன் தத்துவம் எளிது: கட்டாய ஊழியம் போக வேண்டும், அதற்கு ஈடான சொத்து போகக் கூடாது.

அதே 1947இல் கோயில் நுழைவுச் சட்டமும் வந்தது. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட தோழர்கள் நுழைந்ததன் தொடர்ச்சி அது. நுழையும் உரிமை வந்தது. பறையடித்தவர், பிணம் சுட்டவர், சாமி ஊர்வலத்துக்குத் தீவட்டி பிடித்தவர், இவர்களின் உழைப்புக்கு உரிய பங்கு என்ன என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பறையடிக்க மாட்டோம் என்று நம் இளைஞர்கள் பல ஊர்களில் மறுத்தபோது, கேட்காத அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் சொன்னார்கள். பங்கில்லாத வேலை கடமை ஆகாது.

அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற நெடுங்காலப் போராட்டத்தின் பயனாக, 2021 ஆகஸ்ட் 14இல் பயிற்சி பெற்ற 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. பெரிய அடி அது. ஆனால் நம் மாவட்டத்தைப் பாருங்கள். தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில், அறநிலையத் துறையின் கீழ் உள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் காலடி வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாவட்ட ஆட்சியரும் காவல் துறையும் துணை வர வேண்டியிருந்தது. 1947இன் சட்டத்துக்கும் அந்த ஊரின் வாசலுக்கும் இடையே 76 ஆண்டுத் தூரம்.

வாசலைத் தாண்டிய பிறகு அடுத்த தடை ஒரு நோட்டுப் புத்தக வடிவில் நிற்கிறது. ஊர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். ஊரிலுள்ள எல்லா வீட்டிலும் வாங்குவார்கள். காலனியில் வாங்க மாட்டார்கள். "உங்களுக்கு எதுக்குப்பா சிரமம், சும்மா வந்து கும்பிட்டுப் போங்க" என்பார்கள். கேட்பதற்குச் சலுகைபோல இருக்கும். வரி கொடுத்தவருக்கு மண்டகப்படி உண்டு, தேர் தெருவுக்கு வரும், வடம் பிடிக்கலாம், முதல் மரியாதையைப் பற்றி வாய் திறக்கலாம், கணக்கு கேட்கலாம். வரி கொடுக்காதவர் பார்வையாளர். ராஜராஜன் கணக்கில் பறைச்சேரி இறையிலி நிலம். இன்றைய ஊர்க் கணக்கில் காலனி வரியில்லா வீடு. அரசுக்குக் கட்டும் இறையும் ஊருக்குக் கட்டும் வரியும் வேறு வேறுதான். இரண்டு கணக்கிலும் நம்மை நிறுத்தியிருக்கும் இடம் ஒன்று. நம்மிடம் வாங்க மறுப்பது, நமக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலிருக்கச் செய்யும் ஏற்பாடு. வரி வாங்கு என்று ஒரு சமூகம் போராட வேண்டிய விந்தை இந்த நாட்டில்தான் நடக்கும். அந்தப் போராட்டத்தைச் சிறுமையாக நினைக்காதீர்கள். குடிமக்கள் பட்டியலில் இடம் கேட்கும் போராட்டம் அது.

ஏன் அந்தக் கோயிலுக்கே போக வேண்டும், விட்டுத் தொலையுங்கள் என்று சொல்லும் தோழர்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். 1935இல் அம்பேத்கர் அந்த முடிவுக்கே வந்தார், 1956இல் பௌத்தத்துக்குப் போனார். அந்த வழியை நான் மதிக்கிறேன். ஆனால் கோயில் என்பது வழிபாட்டு இடம் மட்டும் அன்று. அதற்கு நிலம் இருக்கிறது, குத்தகை இருக்கிறது, கடை இருக்கிறது, வேலை இருக்கிறது. சாமியை நம்பாதவருக்கும் அந்தப் பொதுச் சொத்தில் பங்கு உண்டு. அந்த நிலத்தில் உழைத்தவரின் பேரப்பிள்ளைக்கு நிச்சயம் உண்டு.

ஆகவே இந்த மேடையிலிருந்து மூன்று வேலைகளை முன்வைக்கிறேன். முதலாவது, போளூர், செங்கம், திருவண்ணாமலைப் பகுதிக் கல்வெட்டுகளை நம் பிள்ளைகள் படிக்கப் பழக வேண்டும். சேரி, சுடுகாடு, மானியம் என்று வரும் ஒவ்வொரு வரியையும் தொகுக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வோர் ஊரிலும் கோயிலுக்குப் பறையடித்தவர், தீவட்டி பிடித்தவர், தோல் கொடுத்தவர் யார் யார் என்று இன்றிருக்கும் பெரியவர்களைக் கேட்டு, ஊர், தெரு, வீடு வாரியாக அவர்கள் சம்மதத்தோடு நாமே எழுத வேண்டும். தளிச்சேரிப் பெண்களுக்கு ராஜராஜன் எழுதிய அளவுக்கு நுணுக்கமாக எழுத வேண்டும். மூன்றாவது, அவர்கள் அனுபவித்த மானியம் என்ன ஆனது, இப்போது யார் பெயரில் பட்டா இருக்கிறது என்று வருவாய்த் துறை ஆவணங்களில் தேட வேண்டும்.

மலைவாழ் தோழர்களுக்கும் ஒரு சொல். உங்கள் ஊர்களில் பூசாரியும் ஊர்க்கவுண்டரும் உங்களுக்குள்ளிருந்தே வருகிறார்கள். கருவறைக்கும் மக்களுக்கும் இடையே ஓர் உயர்சாதியை நிறுத்தாமலே சாமி கும்பிட முடியும் என்பதற்கு நீங்கள் சாட்சி. அடிவாரத்தின் சாதிக் கணக்கை மலைக்கு ஏற்றிவிடாதீர்கள். இந்தத் தேடலில் எங்களோடு வாருங்கள்.

நம் முன்னோர் கொடுக்கப்பட்டவர்களாக இருந்தார்கள். கொடுத்தவர்களாகவும் இருந்தார்கள்: நெல்லும் தோலும் நரம்பும் ஓசையும் அவர்கள் கொடுத்தவை. அதற்கான ரசீது எழுதப்படவில்லை. அதை எழுதும் வேலை நம்முடையது. வரும் ஆண்டு இதே நாளில் இந்த அவை கூடும்போது, ஒரே ஓர் ஊரின் பட்டியலாவது முழுமையாக எழுதி முடித்து இங்கே வாசிக்கப்பட வேண்டும்.